எலிசாவும் ஆசிரியனின் மரணமும்

சமீபத்தில் ஒரு சிற்றிதழுக்கு வந்த கட்டுரையை என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். ஒழுங்கான தமிழ், அளவான கோபம். மேற்கோள் காட்டியிருந்த நூலைத் தேடினேன். அப்படியொரு நூலே கிடையாது. எழுதியவரைக் கேட்டால், 'அது மெஷின் குடுத்ததுங்க' என்றார். இந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1913இல் மார்க்கோவ் என்கிற ருஷ்யக் கணிதவியலாளர், புஷ்கினின் 'எவ்கேனி ஒனேகின்' பிரதியிலிருந்து 20,000 எழுத்துகளை எண்ணினார். அர்த்தம் அவருக்குப் பொருட்டல்ல. உயிருக்குப் பின் மெய் வருமா, மறுபடி உயிரே வருமா என்கிற நிகழ்தகவுதான் கணக்கு. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பும், அவ்வழியில் 2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடியும் அளவிலும் நுட்பத்திலும் எங்கோ போய்விட்டன. என்றாலும் அடிப்படை வேலை அதேதான்: முன்னால் வந்ததை வைத்து அடுத்து வரக்கூடியதைக் கணிப்பது. பொருந்துமா என்று பார்க்கிற கணக்கு, உண்மையா என்று தானாகப் பார்ப்பதில்லை. இல்லாத நூல் பிறப்பது இப்படித்தான்.

இடையில் 1966. எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்கிற நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், மனநல மருத்துவர் வேஷம் கட்டிய சின்ன நிரல். அது உருவானதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனிடம் கொஞ்சம் பேசியதும் அவரை வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் அரண்டு போனார். 1936இல் நாஜி ஜெர்மனியை விட்டுக் குடும்பத்தோடு வெளியேறிய யூதர் அவர். 1976இல் வந்த நூலில் அவருடைய கேள்வி, இயந்திரத்தால் முடியுமா என்பதல்ல. முடிந்தாலும் எதை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது.

எலிசாவுக்கு மறு வருஷம், 1967இல், ரொலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். எம்.ஏ. வகுப்பில் நாங்கள் அதைக் கிட்டத்தட்ட மனப்பாடமே செய்தோம். ஆசிரியனற்ற பிரதி இப்போது நிஜமாகவே வந்துவிட்டது. ஆனால் பார்த் அர்த்தத்தின் அதிகாரத்தை வாசகனிடம் கொடுத்தார். பிரதிக்குப் பதில் சொல்லவே ஆளில்லை என்று சொல்லவில்லை. 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அபராதம் மெஷினுக்கு இல்லை.

ஆசிரியன் இல்லை என்பதும் பாதிப் பொய்தான். சாட்ஜிபிடியின் நச்சுப் பேச்சை வடிகட்ட, கென்யத் தொழிலாளர்கள் மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலிக்கு வன்முறை விவரணைகளைப் படித்துக் குறியிட்டதை 'டைம்' 2023 ஜனவரியில் வெளியிட்டது. இயந்திரத்தின் கண்ணியத்துக்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது. அதற்குப் பெயர் போடப்படவில்லை.

இதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேடலாம், சுருக்கலாம், வரைவு போடலாம். மேற்கோளை மூலத்தில் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். பயன்படுத்தியதை மறைக்காதீர்கள். முக்கியமாக, களத்தில் நம்மை நம்பிப் பேசியவர்களின் வாக்குமூலத்தைப் பெயர் ஊரோடு அதற்குள் கொட்டாதீர்கள். செயலாளர் பேசத் தொடங்கியதும் வைசன்பாம் எழுந்து வெளியே போக முடிந்தது. இப்போது பேசுகிற அறையில் யார் இருக்கிறார்கள் என்றே நமக்குத் தெரியாது.