தனியார் காட்டில் மரம் வெட்டக் கொடுத்தல் (அமெரிக்கா)

சொந்தக் காட்டில் நிற்கும் மரங்களை, விலை பேசி ஒரு வெட்டு நிறுவனத்திடம் ஒப்படைப்பது அமெரிக்காவில் வழக்கமான வணிகம். அந்நாட்டுக் காடுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குடும்பங்களுக்கும் தனியாட்களுக்கும் உரியது. இவர்களில் பலர் வாழ்நாளில் ஓரிரு முறைதான் மரம் விற்கிறார்கள். வாங்குபவருக்கோ அதுவே அன்றாடத் தொழில். உரிமையாளர் ஏமாறும் இடம் இதுதான்.

நிற்கும் மரத்தின் விலைக்கு 'ஸ்டம்பேஜ்' என்று பெயர். வெட்டுமுன்பே மொத்தத் தொகையாக வாங்கிவிடலாம். வெட்ட வெட்ட அளந்தும் வாங்கலாம். இரண்டாவது முறையில் அளவுகோல் எது என்பதை ஒப்பந்தத்தில் எழுதியே ஆகவேண்டும். மரத்தின் அளவு 'போர்டு ஃபுட்' கணக்கில் சொல்லப்படும்: ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலத் தடிமன் உள்ள பலகை ஒரு போர்டு ஃபுட். உருண்டைக் கட்டையில் எத்தனை போர்டு ஃபுட் தேறும் என்று மதிப்பிட டாயில், ஸ்க்ரிப்னர், இன்டர்நேஷனல் என மூன்று வாய்பாடுகள் பெருவழக்கில் உள்ளன. சிறு முனையில் 12 அங்குல விட்டமும் 16 அடி நீளமும் உள்ள கட்டைக்கு டாயில் 64 என்று சொல்லும்; இன்டர்நேஷனல் 95 என்று சொல்லும். விட்டம் 24 அங்குலமானால் 400, 425 என்று இரண்டும் நெருங்கிவிடும். ஆகவே சிறு கட்டைகள் நிறைந்த காட்டை டாயில் கணக்கில் விற்பவர், விலையைச் சரிக்கட்டிக் கேட்காவிட்டால் பெரிதும் இழப்பார்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு காட்டுக்கே நேரக்கூடியது. 'பெரிய மரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், சிறியவை வளரட்டும்' என்ற பேச்சு நியாயமாகவே கேட்கும். ஆனால் பென்சில்வேனியா போன்ற கிழக்கு மாநிலங்களில் காடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மொட்டையடிக்கப்பட்டு, ஒரே காலத்தில் மீண்டும் முளைத்தவை. அங்கே சிறிய மரம் இளைய மரமன்று. பெரிய மரத்தின் வயதே அதற்கும், வெயிலுக்கான போட்டியில் தோற்றுக் குன்றியது. செர்ரி, ஓக், மேப்பிள் என நன்கு வளர்ந்தவற்றைப் பொறுக்கி வெட்டினால் விதை தருவதற்கு மிஞ்சுவது நலிந்தவையே. இதை 'ஹை-கிரேடிங்' என்பார்கள். இதன் கெடுதல் பல பத்தாண்டுகள் நீடிக்கும்.

இதற்குத் தடுப்பு, உரிமையாளர் சார்பில் வேலை செய்யும் வனவியல் ஆலோசகர். வெட்டவேண்டிய மரங்களை அவரே தேர்ந்தெடுத்துச் சாயமிட்டு, அளந்து, பல நிறுவனங்களிடம் முத்திரையிட்ட ஏலம் கேட்பார். சாயம் நெஞ்சுயரத்தில் ஒன்றும் தரையையொட்டி ஒன்றுமாக இரண்டு இடங்களில் இடப்படும். மரம் போனபின்னும் கீழ்க்குறி அடிக்கட்டையில் நிற்கும்.

ஒப்பந்தத்தில் எல்லை, கெடு, நிறுவனத்தின் விபத்துக் காப்பீடு, குறியிடாத மரத்தை வெட்டினால் தண்டம், நீரோடைக்கு விடவேண்டிய இடைவெளி ஆகியவை இருக்கவேண்டும். ஈர நிலத்தில் கனரக வண்டிகள் இறங்கினால் மண் இறுகிவிடும். வடமாநிலங்களில் பலர் தரை உறைந்த குளிர்காலத்திலேயே வெட்டுவதற்கு அதுவே காரணம். கட்டை இழுத்த பாதைகளில் மழைநீர் அரிக்காதபடி குறுக்கே வரப்பு எடுப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு.

நிறுவனம் கட்டிய பிணைத்தொகையைத் திருப்பித் தருமுன் உரிமையாளர் காடு முழுவதும் நடந்து, ஒவ்வொரு அடிக்கட்டையிலும் சாயம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.