கோழிகளை எண்ணிய மீனா

என் பேத்தி கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்தால் எனக்கு ராம் மோகன் நினைவு வந்துவிடும். இந்திய அனிமேஷனின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரியாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 1956-இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அங்கே பயிற்சி கொடுத்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம் ஓடும். ஒவ்வொரு அசைவையும் கையால்தான் வரைய வேண்டும்.

1972-இல் சொந்த நிறுவனம் தொடங்கித் தயாரிப்பாளரும் ஆனார். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் வரும் கார்ட்டூன் காட்சி அவர் கைவண்ணம். பிறகு ஜப்பானியர் யூகோ சாகோவுடன் சேர்ந்து ராமாயணத்தையும் படமாக்கினார்.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, யுனிசெப்புக்காக அவர் உருவம் கொடுத்த மீனாதான். தம்பி ராஜு பள்ளிக்கூடம் போவான், அக்கா மீனா வீட்டு வேலை செய்வாள். அவள் வளர்க்கும் கிளி மிட்டு பள்ளிக்குப் போய் இரண்டாம் வாய்ப்பாட்டைக் கேட்டு வந்து அவளுக்குச் சொல்லும். அந்தக் கணக்கை வைத்துக் கோழிகளை எண்ணிப் பார்க்கிறாள் மீனா. ஒன்று குறைகிறது. கோழித் திருடன் பிடிபடுகிறான்!

பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட வீடுகளில் நாமும் வளர்ந்தவர்கள்தானே? அந்தக் கேள்விக்கு ஒரு கிளியை வைத்துப் பதில் சொன்னார் மனிதர்.

2014-இல் பத்மஸ்ரீ வந்தது. 2019-இல், 88 வயதில் மறைந்தார். பேரக் குழந்தைகளுக்கு மீனாவை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். அவர் பெயரையும் சொல்லிவையுங்கள்.