முதன்முறையா 'டி அண்டு டி' ஆடப் போறீங்களா? முதல் கதாபாத்திரத்தைத் தேர்வு செய்வது எப்படி?

கொடைக்கானலில் இருந்து சுமார் 35 கி.மீ. தள்ளி, பூம்பாறையைத் தாண்டிப் போனால் மன்னவனூர். பகலில் ஏரி, பரிசல், புல்வெளி, ஆட்டுப்பண்ணை என்று பொழுது போய்விடும். இருட்டியதும் குளிரும் பனிமூட்டமும்தான். அறையை விட்டு வெளியே வரவே தோணாது. அந்த நேரத்தில் உங்கள் நண்பர் ஒருவர் பையிலிருந்து விதவிதமான பகடைகளை எடுத்துப் போட்டு, "டி அண்டு டி ஆடலாம், ஆளுக்கு ஒரு கேரக்டர் ரெடி பண்ணுங்க" என்கிறார்னு வச்சுக்குவோம். உங்கள் கையில் ஒரு தாள், அது முழுக்கக் காலிக் கட்டங்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு ஆட்டம் சாதாரணமாக 3, 4 மணி நேரம் ஓடும். பொருந்தாத கதாபாத்திரத்தை எடுத்தவர் அவ்வளவு நேரமும் "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அடுத்த தடவை கூப்பிட்டால் வரமாட்டார். அதனால் முதல் தேர்வைக் கொஞ்சம் யோசித்துச் செய்வது நல்லது.

இது என்ன விளையாட்டு?

'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சிறுவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களே, அதேதான்.

தாயம், பரமபதத்தில் பகடை விழுந்தால் காய் நகரும். இங்கே காய் முக்கியமில்லை. 'டன்ஜன் மாஸ்டர்' எனப்படும் கதை நடத்துபவர் சூழலைச் சொல்வார். உங்கள் கதாபாத்திரம் என்ன செய்யும் என்பதை நீங்கள் சொல்வீர்கள். அது பலிக்குமா என்பதில் சந்தேகம் இருந்தால்தான் 20 முகப் பகடை உருளும். சீட்டு எடுத்து ஆடும் 'ராஜா ராணி' ஞாபகம் இருக்கா? அதில் திருடன் சீட்டு வந்தால் திருடன்தான், வேறு வழியில்லை. இதில் யாராக இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம். புதியவர்கள் திணறுவதும் அந்த இடத்தில்தான்.

12 'கிளாஸ்'... எதை எடுப்பது?

2024-ல் திருத்தி வெளியான விதிப்புத்தகத்தில் 12 கிளாஸ்கள் உள்ளன. கிளாஸ் என்பது உங்கள் கதாபாத்திரத்தின் தொழில் மாதிரி. ஒரு கற்பனைக் கதையை வைத்துப் பார்த்தால் புரியும். மன்னவனூர் பண்ணையில் ராத்திரி ராத்திரி ஆடுகள் காணாமல் போகின்றன. ஏரிக்கரைச் சேற்றில் கால்தடம். சிறுத்தையுடையது இல்லை, காட்டெருமையுடையதும் இல்லை. நீங்கள் நான்கு பேர் விளக்கோடு கிளம்புகிறீர்கள்.

முன்னால் போய் நின்று அடி வாங்கி, திருப்பி அடிப்பவர் 'ஃபைட்டர்'. உங்கள் முறை வந்தால் பகடையை உருட்டி, தாளில் எழுதியிருக்கும் எண்ணைக் கூட்டிச் சொன்னால் போதும். தொடக்க நிலையில் அந்த எண் பெரும்பாலும் 5 இருக்கும். எதிரியின் தற்காப்பு எண் 13 என்றால் பகடையில் 8 விழுந்தாலே அடி பட்டுவிடும். சத்தமில்லாமல் வேலியைத் தாண்டி, பூட்டைத் திறந்து உளவு பார்ப்பவர் 'ரோக்'. கூட்டாளி ஒருவர் எதிரியை ஒட்டி நிற்கும்போது இவர் அடித்தால் கூடுதல் சேதம் உண்டு, அதனால் தனியாக ஓடுவது இவருக்கு நஷ்டம். விதிப்புத்தகமே இந்த இரண்டையும்தான் சிக்கல் குறைந்த கிளாஸ்கள் என்கிறது.

காயம்பட்டவரை எழுப்பிவிட 'கிளெரிக்' வேண்டும். இவரைப் பலர் வெறும் மருத்துவர் என்று நினைக்கிறார்கள். கவசம் போட்டுக்கொண்டு நன்றாகவே சண்டையும் போடுவார். தடம் பார்த்துப் பின்தொடர்பவர் 'ரேஞ்சர்' (நம்ம ஊர் வனத்துறை ரேஞ்சர் இல்லீங்க, ஆனால் இந்தக் கதைக்கு அவரும் உதவுவார்!). ஆட்டின் உருவம் எடுத்து மந்தைக்குள் ஒளிந்துகொள்ள ஆசையா? அதற்கு 'ட்ரூயிட்' இருக்கிறார். ஆனால் உருவம் மாறும் சக்தி இரண்டாம் நிலையில்தான் கிடைக்கும். மந்திரங்களோடு சேர்த்து மிருகங்களின் கணக்கையும் கவனிக்க வேண்டும் என்பதால் முதல் ஆட்டத்துக்குக் கொஞ்சம் கனம்.

மந்திரவாதியைத் தொடவே கூடாதா?

"புதுசா வர்றவங்க ஃபைட்டர் எடுங்க" என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. பாதிதான் சரி. தீப்பந்து எறியும் கனவோடு வந்தவர் கையில் வாளைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். 'விசார்ட்' எடுக்கலாம். விலையைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

முதல் நிலையில் உடல்திறன் ஒரே அளவாக 14 இருந்தால், ஃபைட்டருக்கு உயிர்ப்புள்ளி 12, விசார்டுக்கு 8தான். எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய சிறு மந்திரங்கள் 3 இருக்கும். பெரிய மந்திரம் நீண்ட ஓய்வு எடுக்கும் வரை அடிப்படையில் இரண்டே தடவைதான். நீங்கள் நினைத்த அந்தத் தீப்பந்து ஐந்தாம் நிலையில்தான் வரும். இது தெரியாமல் எடுத்து ஏமாந்தவர்கள் நிறைய. எடுப்பதாக இருந்தால், உங்கள் மந்திரங்கள் ஒவ்வொன்றையும் ஒரு வரியில் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முறை வரும்போது புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்காது.

ஆக, "எது பவர்ஃபுல்?" என்று தேடாதீங்க. உங்கள் முறை வரும்போது என்ன செய்ய ஆசை என்று பாருங்கள்: அடிப்பதா, ஒளிவதா, பேசி மடக்குவதா, காப்பாற்றுவதா? அந்த ஒரு பதிலிலேயே 12-ல் பாதி கழிந்துவிடும்.

மத்த கட்டங்கள்?

இனம், பின்னணி இரண்டுக்கும் ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். மனிதன், எல்ஃப், குள்ளர் இனமான டுவார்ஃப் என எது பிடித்தாலும் சரி. ஆறு திறன்களுக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களைப் பங்கிட வேண்டும். கிளாஸுக்கு முக்கியமான திறனுக்கு 15. ஃபைட்டருக்குப் பலம், ரோக்குக்குச் சுறுசுறுப்பு, விசார்டுக்கு அறிவு, கிளெரிக்குக்கு ஞானம். உடல்திறனுக்கு 14 அல்லது 13 கொடுங்கள், யாராக இருந்தாலும் உதவும்.

பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கணுமா என்று கேட்காதீங்க. கொல்கத்தாவில் பிறந்த எழுத்தாளர் மிமி மோண்டல், வங்கப் பண்பாட்டை ஒட்டிய ஒரு நிலத்தில் நடக்கும் கதையை இதே விளையாட்டின் அதிகாரப்பூர்வ புத்தகத்துக்கு எழுதினார். அது 2022-ல் வெளியானது. உங்கள் ஃபைட்டர் கவுஞ்சியில் பூண்டு பயிரிட்ட விவசாயியாக இருக்கலாம், பெயர் மாரியம்மாளாகவும் இருக்கலாம்.

உட்காரும் முன் கேட்க வேண்டியவை

கதை நடத்துபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கதையில் சண்டை அதிகமா, பேச்சு அதிகமா? மற்றவர்கள் என்ன எடுத்திருக்கிறார்கள்? நான்கு பேரும் ரோக் என்றால் பண்ணை வாசலில் யார் நிற்பது! நேரமே இல்லை என்றால் தயார் கதாபாத்திரம் கேட்டு வாங்குங்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. 12 கிளாஸ்களும் அடங்கிய அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மலை ஏறும் முன் டவுன்லோடு செய்துவிடுங்கள், சிக்னலை நம்ப முடியாது.

பிடிக்கவில்லை என்றால் முதல் ஆட்டத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ளப் பல குழுக்கள் அனுமதிக்கும், முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். உயிர்ப்புள்ளி பூஜ்ஜியமானால் உடனே சாவு என்று பயப்படவும் வேண்டாம். உங்கள் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்டுவீர்கள். 10 அல்லது அதற்கு மேல் மூன்று தடவை விழுந்தால் பிழைத்துக்கொள்வீர்கள். குறைவாக மூன்று தடவை விழுந்தால்தான் கதை முடியும், அப்போது புதிய தாள் ஒன்றை எடுக்க வேண்டியிருக்கும்.