சூரியப் புள்ளியும் ஒரு பவுண்டு அரிசியும்

1/ திருமுடிவாக்கம் பக்கம் அடையாற்றைப் பார்த்திருப்பீங்க. சென்னைக்குள்ள அந்த ஆற்றைக் கூவத்தோட இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்த் துண்டு, 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையா வெட்டினது. வெட்டினவங்க பசியில வந்தவங்க.

2/ அதுதான் தாது வருஷப் பஞ்சம். மழை ஏன் பொய்த்தது? சூரியப் புள்ளிகள் குறையும்போது இங்கே மழையும் குறையுதுன்னு 1877ல் எழுதினாங்க நார்மன் லாக்யரும் வில்லியம் ஹண்டரும். 11 வருஷ சுழற்சியாம்.

3/ அதே வருஷம் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்றவங்களுக்கான தினசரி தானியத்தை 1 பவுண்டா குறைச்சார். சுமார் 450 கிராம். அரிசின்னா ஏறக்குறைய 1,600 கலோரி. நாள் முழுக்க மண் சுமக்கிற உடம்புக்கு இது பத்தாது.

4/ எதிர்த்தவர் ஒரு டாக்டர்: மெட்ராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ். அளவைக் கூட்டுங்க, பருப்பும் கொடுங்கன்னு வாதாடினார். 1877ல் மெட்ராஸ் அரசு படியை உயர்த்தியது. அதுக்குள்ள போன உயிர்கள் போனதுதான்.

5/ சூரியனைக் கவனிச்சா பருவமழையைக் கணிக்கலாம்ங்கிற நம்பிக்கையும் சேர்ந்துதான் 1899ல் கொடைக்கானல் ஆய்வகம் வந்தது. அங்கே 1909ல் எவர்ஷெட், சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்றதைக் கண்டுபிடிச்சார். பெரிய கண்டுபிடிப்பு. ஆனா 1877 வறட்சிக்கான முக்கியக் காரணம் பசிபிக் கடல்ல இருந்தது: எல் நினோ.

6/ அது புரிய பல பத்தாண்டுகள் ஆச்சு. 1 பவுண்டு பத்தாதுங்கிறது அன்னைக்கே தெரியும், சொல்லவும் சொன்னாங்க. வார்டில் "என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்கும்போதெல்லாம் எனக்குக் கார்னிஷ் ஞாபகம்தான்.