ஹெவிவெயிட் பட்டப் போட்டிகளின் நினைவுப்பொருள் சேகரிப்பு

உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் தொடக்ககாலப் பட்டப் போட்டிகளோடு தொடர்புடைய நுழைவுச்சீட்டு, சுவரொட்டி, அஞ்சலட்டை, படச்சுருள், கையெழுத்து முதலியவற்றைத் தேடிச் சேர்க்கும் ஈடுபாடு இது.

வெறுங்கைச் சண்டைக் காலத்திலேயே இதற்கு வித்து விழுந்துவிட்டது. வீரர்கள் தங்களுக்குரிய நிறத்தில் பட்டுக் கைக்குட்டைகளை ஆதரவாளர்களுக்கு விற்றார்கள். 1860 ஏப்ரல் 17 அன்று இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் டாம் சேயர்ஸும் அமெரிக்கரான ஜான் ஹீனனும் மோதியபின், ஸ்டாஃபர்ட்ஷயர் மட்பாண்டக்காரர்கள் இருவரையும் பொம்மைகளாக வார்த்தனர். அமெரிக்காவில் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்கச் செருகிய அட்டைகளில் குத்துச்சண்டை வீரர்கள் வந்தனர். ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனம் 1880களின் பிற்பகுதியில் வெளியிட்ட வரிசையில் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் உண்டு. 1889இல் மிசிசிப்பியின் ரிச்பர்கில் 75 சுற்றுகள் மோதிய அதே இருவர்தான். வெறுங்கையால் நடந்த கடைசி ஹெவிவெயிட் பட்டச் சண்டை அது.

சேகரிப்பாளர்கள் மிகுதியாகத் தேடுவது 1910 ஜூலை 4 அன்று நெவாடாவின் ரீனோவில் நடந்த போட்டியின் பொருள்களை. முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சன், வெள்ளையரின் மானத்தைக் காப்பார் என்று அழைத்துவரப்பட்ட ஜிம் ஜெஃப்ரிஸை 15ஆம் சுற்றில் வீழ்த்தினார். அன்றே அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர்மீது வன்முறை வெடித்தது, உயிர்கள் பறிபோயின. போட்டியின் திரைப்படத்தைப் பல ஊர்கள் தடுத்தன. குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லக் கூடாதென்று 1912இல் நாடு தழுவிய சட்டமே வந்தது. 1940 வரை அது நீடித்தது. அந்த நாளின் ஓர் அஞ்சலட்டையை வெறும் விளையாட்டுப் பண்டமாகப் பார்ப்பது தவறு. அது நிறவெறியின் சாட்சி.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஜிம் ஜேக்கப்ஸும் பில் கேட்டனும் பழைய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார்கள். 1998இல் அத்தொகுப்பு ஈ.எஸ்.பி.என். வசமானது. குத்துச்சண்டை வரலாற்றாளர் ஹேங்க் கப்லன் சேர்த்த ஆவணங்கள் 2007இல் அவர் இறந்தபின் புரூக்ளின் கல்லூரிக்குச் சென்றன.

விலை ஏறியதும் போலிகள் பெருகின. 1990களில் எஃப்.பி.ஐ. நடத்திய விசாரணை, விளையாட்டு வீரர்களின் போலிக் கையெழுத்துகளை விற்ற கும்பல்களைப் பிடித்தது. பழைய சுவரொட்டிகளின் மறுபதிப்புகளும் சந்தையில் உலவுகின்றன. ஆகவே வாங்குபவர், பொருள் யார் யார் கைமாறி வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். காகிதத்தையும் அச்சையும் அடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒருகாலத்தில் பல ஊர்கள் தடுத்த ரீனோ போட்டியின் திரைப்படம் 2005இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.