கைத்தொலைபேசியில் படம் வர ஏன் இவ்வளவு நேரம்?

செய்தியைத் திறக்கிறீர்கள். எழுத்து உடனே வந்துவிடுகிறது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம். "லைன் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பல நேரங்களில் படமும் ஒரு காரணம்.

படம் எவ்வளவு பெரிது?

12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் சுமார் 4,000 பிக்சல் அகலம். பல கைத்தொலைபேசித் திரைகளின் அகலமோ 1,080 பிக்சல்தான். மிச்சம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கும் உங்கள் டேட்டாதான் செலவாகிறது.

டேட்டா தீர்ந்து, வேகம் விநாடிக்கு 128 கிலோபிட்டாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

• 4 மெகாபைட் படம் வர: 4 நிமிடத்துக்கும் மேல்
• 200 கிலோபைட் படம் வர: சுமார் 13 விநாடி

இணையத்தளங்கள் என்ன செய்யலாம்?

• ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்திருக்கலாம். திரைக்கு ஏற்றதை பிரவுசரே தேர்ந்தெடுக்கும்.
• 'வெப்பி' வடிவத்தைப் பயன்படுத்தலாம். கூகல் 2010இல் அறிமுகப்படுத்தியது. அதே தரத்தில் 'ஜேபெக்' படத்தைவிட 25 முதல் 34 விழுக்காடு வரை சிறியது என்கிறது கூகல்.
• பக்கத்தின் கீழே உள்ள படங்களை, நீங்கள் அங்கு போகும்போது மட்டும் அனுப்பலாம்.

எல்லாப் படத்தையும் சுருக்கிவிடலாமா?

முடியாது. முகங்களும் காட்சிகளும் ஓரளவு தாங்கும். வரைபடத்தில் உள்ள சின்ன எழுத்துகள் மங்கிப்போகும்.

மலேசியாவின் கிழக்குக்கரையில் மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளம் ஏறும்போது, துயர் துடைப்பு மையங்களின் முகவரிகள் படமாக மட்டும் வந்தால்? படம் திறக்காவிட்டால் முகவரியும் இல்லை. அதையே எழுத்தாகப் போட்டால், ஐந்து முகவரிகளுக்கு 2, 3 கிலோபைட் போதும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• பிரவுசரிலும் செயலிகளிலும் டேட்டா சேமிப்பு வசதி இருந்தால் அதை முடுக்கிவிடுங்கள்.
• வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது, தேவையில்லாமல் 'எச்டி' தரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.
• அவசரத் தகவல் உள்ள படத்தைப் பகிர்ந்தால், இடம், நேரம், தொலைபேசி எண் மூன்றையும் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள்.

ஒரு நிமிட வேலைதான். லைன் சரியில்லாத இடத்தில் இருப்பவருக்கு அந்த நாலு வரிதான் முதலில் போய்ச் சேரும்.