இரண்டரை அணா எட்டிய தூரம்

தென்பெண்ணை ஆற்றின் தென்கரை ஊரான மணலூர்பேட்டைக்கு ரயில் வந்ததில்லை. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண அண்ணாமலையாரே இந்த ஊருக்கு எழுந்தருளுகிறார், அதுவும் சாலை வழியாகத்தான். விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போட்ட மீட்டர்கேஜ் பாதை ஆற்றைக் கடக்காமல், அரகண்டநல்லூரைத் தொட்டுக்கொண்டு, ஆதிச்சனூர், அண்டம்பள்ளம், தண்டரை என்று திருவண்ணாமலைக்குப் போய்விட்டது. அக்கரையில் இருந்த திருக்கோவிலூருக்குக் கிடைத்தது பெயர்ப்பலகை மட்டுமே. அந்தப் பெயரைத் தாங்கிய நிலையம் இன்றும் அரகண்டநல்லூரில்தான் இருக்கிறது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலத்தில், 1890களின் தொடக்கத்தில் பிறந்தது இந்தப் பாதை. விழுப்புரத்திலிருந்து காட்பாடி வரை சுமார் 160 கிலோமீட்டர். அதன் இளமைக்காலத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு அலுவலகக் கோப்புகள் வேண்டாம். ஒரு பதினாறு வயதுப் பையனின் பயணம் போதும். பின்னாளில் ரமணர் என்று உலகம் அறிந்த வேங்கடராமன்தான் அந்தப் பையன்.

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, திருவண்ணாமலைக்குப் போக மதுரையில் ரயில் ஏறினான். பழைய நிலப்பட நூல் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து நிலையம் திண்டிவனம் என்று முடிவு செய்திருந்தான். சீட்டு விலை இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று வண்டியில் ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. புதுப் பாதை அந்தப் படத்தில் ஏறியிருக்கவில்லை!

வழியில் திருச்சியில் அரை அணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கியிருந்தான். மிச்சம் இரண்டரை அணா. விழுப்புரத்தில் சோறு போட்ட ஓட்டல்காரர் அந்தக் காசை வாங்க மறுத்துவிட்டார். அந்தத் தொகைக்கு எட்டிய நிலையம் மாம்பழப்பட்டு. அங்கே இறங்கியவன் பத்து மைல் நடந்து மாலையில் அறையணிநல்லூர், அதாவது அரகண்டநல்லூர்க் கோயிலை அடைந்தான். அங்கிருந்து பக்கத்துக் கீழூர். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு. காதுக் கடுக்கன்களை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினான். இரவைத் திருக்கோவிலூர் நிலையத்திலேயே கழித்து, செப்டம்பர் 1 காலை ரயிலில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான்.

சீட்டு விலை, வண்டி மாறும் இடம், அடுத்த வண்டிக்காகக் காத்திருந்த இரவு, காசு தீர்ந்தால் நடைப்பயணம். ஒரு சிற்றூர் நிலையம் மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணத்தை நான் அறியேன்.

பிறகு நூறாண்டுக்கு மேல் அந்த மீட்டர்கேஜ் ஓடியது. அதன் முடிவுக்கு விதை காட்பாடியிலேயே இருந்தது. அங்கே குறுக்கே செல்லும் சென்னை-ஜோலார்பேட்டைப் பாதை 1.676 மீட்டர் அகலம், இதுவோ ஒரு மீட்டர். ஒரு பாதையின் பெட்டி மற்றதில் ஏறாது. சரக்கென்றால் இறக்கி ஏற்ற வேண்டும், ஆளென்றால் மூட்டை முடிச்சோடு மாற வேண்டும். நாடு முழுவதும் ஒரே அகலம் என்று 1992-இல் தொடங்கிய திட்டம் கடைசியில் இங்கும் வந்தது. சில ஆண்டுகள் ரயிலே இல்லை. பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, 2010-இல் அகலப்பாதையில் மறுபடி வண்டி விட்டார்கள். அது தேவையான வேலை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வண்டி நீண்டு வேகம் கூடியபோது மாம்பழப்பட்டு போன்ற நிலையங்கள் நெடுந்தூர வண்டிகளுக்கு வெறும் கடந்துபோகும் பெயர்களாகிவிட்டன. இது எனக்கு வருத்தம்தான்.

ரமணாசிரமத்துக்கு வருகிறவர்கள் நேரே திருவண்ணாமலையில் இறங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விழுப்புரத்தில், மாம்பழப்பட்டில் நிற்கும் பாசஞ்சர் எது என்று கேட்டு ஏறுங்கள். இறங்கி, அரகண்டநல்லூர்க் கோயில் வரை அந்தப் பத்து மைலை நடந்து பாருங்கள். ஆகஸ்ட் வெயில் கடுமையாக இருக்கும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.